மரக்காணத்தில் நான் கேட்காத ‘ஏன்’

காலை 5.50. திருவான்மியூரில் புதுச்சேரிப் பேருந்தில் ஏறி, ஜன்னலோர இருக்கையைப் பிடித்துக்கொண்டு, மரக்காணத்துக்கு ஒரு டிக்கெட் கேட்டேன். நூற்றுப் பதினைந்து ரூபாய். நடத்துனர் என் நரைத்த தலையையும் துணிப்பையையும் பார்த்துவிட்டு, “மரக்காணத்துல என்னம்மா இருக்குது? இன்னும் கொஞ்சம் போட்டுக் குடுத்தா பாண்டிக்கே போயிடலாமே” என்றார். அங்கே ஒரு வேலை இருக்கிறது என்றேன். என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் ஒன்பது வயதுப் பெண் ஒருத்திக்கு நான் போட்ட சைபரைத் திருத்தப் போகிறேன் என்று ஓடுகிற பேருந்தில் எப்படிச் சொல்வது?

பைக்குள் காகிதமாக இரண்டு இருந்தன. ஒன்று தடிமனான கட்டு, நான் எழுதிக்கொண்டிருக்கும் புத்தகம். உளவியலின் முன்னோடிகளைப் பற்றிக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு எளிய தமிழில் எழுதித் தரும்படி ஒரு பதிப்பாளர் கேட்டிருந்தார். நோயாளிகளைப் படுக்கவைத்துக் கனவுகளைக் கேட்ட வியன்னா மருத்துவர், சோற்றுக்கு முன்னால் மணியடித்து நாய்களுக்கு எச்சில் ஊறவைத்த ரஷ்யர், லைப்சிக் நகரில் முதல் ஆய்வுக்கூடம் திறந்த ஜெர்மானியர் என்று எல்லோரையும் முப்பது வருடம் வகுப்பில் நடத்தியவள் நான். ஆறு அத்தியாயங்கள் மளமளவென்று வந்துவிட்டன. ஏழாவதில் மாட்டிக்கொண்டேன்.

ஏழாவது அத்தியாயம் ஒரு பாரிஸ்காரரைப் பற்றியது. பள்ளியில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து உதவ ஒரு வழி வேண்டும் என்று அவருடைய நாட்டு அரசு விரும்பியபோது, சின்னச் சின்னக் கேள்விகளாக ஒரு சோதனையை உருவாக்கிக் கொடுத்தவர். இதில் வரும் எண் குழந்தையின் தலையெழுத்து இல்லை, சொல்லிக் கொடுத்தால் மாறும் என்று அவரே எச்சரித்தார். பிறகு சீக்கிரமே இறந்துபோனார். சோதனை கடல் கடந்து போனது. எச்சரிக்கையை யாரும் கப்பலில் ஏற்றவில்லை. போன இடத்திலெல்லாம் அந்த எண் தலையெழுத்தாகவே ஆகிவிட்டது. இதை நான் வகுப்பில் சொல்லும்போது குரலை உயர்த்திச் சொல்வேன், வெள்ளைக்காரர்கள் செய்த தவறு என்கிற தைரியத்தில்.

பையிலிருந்த இன்னொன்று ஒற்றைத் தாள். பழுப்பேறிய விடைத்தாள். மேலே என் கையெழுத்தில், ‘அஞ்சலை, வயது 9, தாய் முனியம்மா, உப்பளக் கூலி’ என்று இருக்கிறது.

6.55. மாமல்லபுரத்தில் பாதிப் பேருந்து காலியானது. அதன் பிறகு ஓட்டுநர் வண்டியை விரட்டினார். வலப்பக்கம் சவுக்குத் தோப்பு, இடப்பக்கம் எப்போதாவது கடல். வாசகருக்கு நான் இங்கே இயற்கையை வருணிக்க வேண்டும்தான். ஆனால் என் கண் வெளியே போகவில்லை.

ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, என் பேராசிரியர் தமிழாக்கிய ஒரு சோதனையை எடுத்துக்கொண்டு இதே சாலையில் வந்தேன். அதில் ஒரு பகுதியில் நான்கு பொருள்களைச் சொல்லி, சேராதது எது என்று கேட்க வேண்டும். மூலத்தில் ஏதோ சீமைப் பழங்கள் இருந்தன. உப்பளக் குழந்தைக்கு அதெல்லாம் எப்படித் தெரியும் என்று நானே முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் வந்து மாற்றினேன். நெல், கேழ்வரகு, வேர்க்கடலை, உப்பு. இதில் சேராதது எது? விடை உப்பு. மற்ற மூன்றும் பயிர். உள்ளூருக்கு ஏற்ற கேள்வி என்று பேராசிரியர் பாராட்டினார். நானும் இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

குழந்தைகளில் பாதிக்கு மேல் தவறாகச் சொன்னார்கள். ‘உப்பளப் பகுதிக் குழந்தைகளிடம் வகைப்படுத்தும் திறன் குறைவு’ என்று எழுதிப் பட்டம் வாங்கினேன். குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களின் பட்டியலைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். அஞ்சலை ஒரே ஒரு மதிப்பெண்ணில் அந்தப் பட்டியலுக்குள் விழுந்தவள்.

போன மாதம் காலையில் காப்பியோடு செய்தித்தாளைப் பிரித்தபோது உள்பக்கத்தில் ஒரு தலைப்பு இருந்தது: கோடை மழையால் மரக்காணத்தில் உப்பு விளைச்சல் பாதிப்பு. விளைச்சல். காப்பி ஆறிப்போகும்வரை அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாத்தி கட்டி, தண்ணீர் பாய்ச்சி, விளைந்ததும் வாரி எடுக்கிற ஊரில் போய், நெல்லையும் உப்பையும் பக்கத்தில் வைத்து இதில் எது விளையாது என்று கேட்டிருக்கிறேன். நானும் தமிழச்சிதான். உப்பு விளைகிறது என்றுதான் என் வாயும் சொல்லும். கேள்வியை எழுதும்போது மட்டும் அது எனக்கு மறந்துபோயிருந்தது. அன்றே பரண் பெட்டியை இறக்கினேன். அஞ்சலையின் தாளில் அந்தக் கேள்வியை அடித்து நீக்கி, மொத்தத்தைத் திருத்தி, கீழே கையெழுத்திட்டேன். இப்போது அவள் பட்டியலுக்கு வெளியே இருக்கிறாள். அதை அவளிடம் சொல்லத்தான் இந்தப் பயணம்.

8.40. மரக்காணத்தில் இறங்கியபோதே வெயில் சுள்ளென்று இருந்தது. ஆட்டோக்காரர் பஷீர் பக்கத்து ஊரான கூனிமேட்டுக்காரர். பதினெட்டு வருடம் சவுதியில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். உட்கார்ந்ததும், “நாஷ்டா ஆச்சுங்களா மேடம்?” என்று கேட்டார். ஆகவில்லை. இரண்டு இட்லி, ஒரு வடை, காப்பி. நாற்பத்தைந்து ரூபாய். பஷீர் டீ மட்டும் குடித்தார். அரை நாளுக்கு ஐந்நூறு ரூபாய் என்று பேசிக்கொண்டோம்.

“உப்பு போட்டோ எடுக்கவா மேடம்? இப்ப அதுக்குன்னே வர்றாங்க. கல்யாண ஜோடிங்கல்லாம் உப்பு மேட்டு மேல ஏறி நிக்குது.”

“ஒருத்தரைத் தேடி வந்திருக்கேன். அஞ்சலைன்னு பேரு. உப்பளத்துல வேலை செய்யறவங்களா இருக்கலாம்.”

“அஞ்சலையா? தெருவுக்குத் தெரு நாலு அஞ்சலை இருக்குமே இந்த ஊர்ல.”

முதலில் பழைய பள்ளிக்குப் போனோம். ஓட்டுக் கட்டடம் இருந்த இடத்தில் மாடிக் கட்டடம். சுவர் முழுக்க மயிலும் எழுத்துமாக வண்ணம். விடுமுறை என்பதால் கதவு பூட்டியிருந்தது. கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆராய்ச்சி முடிந்து, நன்றி சொல்ல ஒரு முறை இங்கே திரும்ப வந்திருந்தேன். தலைமையாசிரியர் பெருமையாக என்னை வகுப்புக்குள் கூட்டிப்போனார். “நீங்க குடுத்த லிஸ்ட்ட வச்சு தனியா ஒரு பெஞ்ச் போட்டுட்டேம்மா. மத்த புள்ளைங்களக் கெடுக்காதுங்க பாருங்க.” கடைசிச் சுவரை ஒட்டி அந்தப் பெஞ்சு இருந்தது. அதில் அஞ்சலை என்னைப் பார்த்துச் சிரித்தாள். உதவி செய்வதற்கான பட்டியல் அது என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். பன்னிரண்டு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பேருந்தை விட்டிருந்தால் அடுத்தது ஒரு மணிக்கு இருந்தது.

9.30. பாலத்தைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் பாத்திகள். பஷீர் வண்டியை ஓரங்கட்டி, உப்பு ஏற்றும் லாரிக்கு ஆள் விடும் ஒரு மேஸ்திரிக்குப் போன் போட்டார். “ஏம்பா, அஞ்சலைன்னு... ஆமா, வயசு நாப்பது நாப்பத்தஞ்சு இருக்கும். அம்மா பேரு...” என்று என்னைப் பார்த்தார். முனியம்மா என்றேன். மறுமுனையில் சத்தமாகப் பதில் வந்தது. பஷீர் சிரித்துக்கொண்டே போனை வைத்தார்.

“கெடச்சிட்டாங்க மேடம். பெஞ்சு அஞ்சலையாம்.”

“என்ன அஞ்சலை?”

“பெஞ்சு அஞ்சலை. நாலு பேரு இருக்கறாங்க இல்ல, அதனால அடையாளத்துக்கு. நெட்ட அஞ்சலை, கடக்கார அஞ்சலை, அந்தமாதிரி இவங்க பெஞ்சு அஞ்சலை. ஏன் பெஞ்சுன்னு அவனுக்கும் தெரியலயாம்.”

எனக்குத் தெரிந்தது. ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் வேணுமா மேடம் என்று பஷீர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

மண்பாதையில் ஆட்டோ குலுங்கிக்கொண்டு போனது. ஏதாவது பேச வேண்டுமே என்று பஷீரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். நெல், கேழ்வரகு, வேர்க்கடலை, உப்பு. சேராதது எது?

“உப்புதாங்க” என்றார் உடனே.

“ஏன்?”

“மத்த மூணையும் வேக வச்சுத் துன்னலாம். உப்ப மட்டும் யாராவது தட்டுல போட்டுத் துன்றானா?”

அவருக்கு முழு மதிப்பெண். அவர் சொன்ன காரணத்தில் பயிர் என்ற பேச்சே இல்லை. நான் காரணம் கேட்டிருக்காவிட்டால் அது எனக்குத் தெரிந்திருக்காது. என் புத்தகத்தின் எட்டாவது அத்தியாயத்து ஆள் நினைவுக்கு வந்தார். பாரிஸ்காரர் போன பிறகு, அவர் நடத்திய பள்ளி ஆய்வகத்தில் வேலைக்கு வந்த சுவிட்சர்லாந்து இளைஞர். குழந்தைகளின் விடைகளைத் திருத்துவது அவர் வேலை. சரியான விடைகளை அவர் பொருட்படுத்தவில்லை. தவறாகச் சொன்ன குழந்தையிடம் போய் உட்கார்ந்து, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் அவருடைய ஆயுட்கால வேலையெல்லாம் பிறந்தது. வருடா வருடம் ஜூலை மாதத்தில் அவரைப் பற்றி மூன்று வகுப்பு எடுப்பேன். கரும்பலகையில் பெரிதாக ‘ஏன்?’ என்று எழுதி அடிக்கோடு போடுவேன். மரக்காணத்துப் பிள்ளைகளில் ஒருவரிடமும் அதைக் கேட்டதில்லை. சோதனைக் கையேட்டில் அப்படிக் கேட்கச் சொல்லவில்லை.

10.15. வரப்பின் மேல் தார்ப்பாய் நிழலில் நாலைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விடியுமுன் தொடங்கிய வேலை அந்த நேரத்துக்கு முடிந்திருந்தது. வாரிக் குவித்த உப்பைக் கண்ணைச் சுருக்கித்தான் பார்க்க முடிந்தது. ஒரு பெண் மட்டும் பாத்திக்குள் குனிந்து, தண்ணீரைப் புறங்கையால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். “நாளான்னிக்கு வார்லாம். இன்னிக்குத் தொட்டா பொடியாத்தான் வரும்” என்று கரையிலிருந்தவரிடம் சொன்னார். அவர் மறுபேச்சு இல்லாமல் தலையாட்டினார். எது எப்போது விளையும் என்று அங்கே அந்தப் பெண்ணைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள் என்று பஷீர் சொன்னார். அவர்தான் அஞ்சலை.

ஒன்பது வயதில் ‘நீ’ என்று நான் பேசியவளை இப்போது எப்படி அழைப்பது என்று தெரியவில்லை. “அஞ்சலைங்களா?” என்றேன்.

“ஆமா. நீங்க யாருங்க?”

பள்ளியைச் சொன்னேன். கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு போனவள் என்றேன். அவர் ரப்பர் பூட்சைக் கழற்றிவிட்டுக் கரையேறி என் எதிரே வந்து நின்றார். உப்பு தின்ற பாதங்கள், வெடித்துப் போயிருந்தன.

“பச்சப் பொடவ கட்டினு வருவீங்க. ஆளுக்கு ரெண்டு பிஸ்கட்டு குடுப்பீங்க” என்றார். “டீச்சர், நீங்களா?”

உட்காரச் சொல்லித் தார்ப்பாய் நிழலில் ஒரு சாக்கை விரித்தார். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். சுற்றி வளைத்தால் தைரியம் போய்விடும் என்று பயம். அந்தப் பழைய கேள்வியை மறுபடி கேட்டேன்.

“மல்லாட்டை” என்றார், யோசிக்காமல்.

அந்தப் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பேர். என் தாளிலும் அதே விடைதான், நான் அதை அழகாக ‘வேர்க்கடலை’ என்று மாற்றி எழுதியிருக்கிறேன். பக்கத்தில் சைபர்.

“ஏன் அஞ்சலை?”

முப்பத்தைந்து வருடம் தாமதமாக வந்த அந்தக் கேள்வி அவருக்கு வேடிக்கையாக இருந்தது. “இதுல என்னா டீச்சர் இருக்குது? நெல்லு மேல வெளையுது. கேவுரு மேல வெளையுது. உப்பும் மேலதான் வெளையுது. மல்லாட்டை ஒண்ணுதான் மண்ணுக்குள்ள வெளையுது. புடுங்கிப் பாத்தாத்தான் காய் இருக்குதா இல்லியான்னே தெரியும்.”

கேள்வி நியாயமில்லாதது, அதனால் குழந்தைகள் குழம்பிப்போய் ஏதோ ஒன்றைச் சொல்லியிருப்பார்கள் என்றுதான் நினைத்து வந்தேன். மன்னிப்புக் கேட்க வந்தபோதும் என் நினைப்பு அவ்வளவுதான். அஞ்சலை குழம்பவே இல்லை. நான் பயிர், பயிரில்லை என்று பிரித்ததைவிடத் துல்லியமாக ஒன்பது வயதில் ஒரு பெண் பிரித்திருக்கிறாள். அதைச் சொல்லத் தயாராகவும் இருந்திருக்கிறாள். அந்த விடையைத் தப்பு என்று போட்டதால்தான் பட்டியலில் பெயர் வந்தது என்று அவரிடம் சொன்னேன்.

“அந்தத் தப்பாலதான் என்ன மக்கு பெஞ்சுல போட்டாங்களா?” என்று கேட்டார் அஞ்சலை.

“தப்பு உங்களுது இல்ல. என்னுது.”

“அன்னிக்கு நான் பதில் சொன்னவொடனே ‘நல்லா சொன்னே’ன்னு சொன்னீங்க டீச்சர். எல்லாத்துக்கும் சொன்னீங்க. நான் வீட்டுல போயி எங்கம்மாகிட்ட, மெட்ராஸ் டீச்சர் நல்லா சொன்னேன்னு சொல்லிட்டாங்கன்னு குதிச்சினு இருந்தேன். அப்பால பெஞ்சு மாத்துனப்ப, இல்ல சார், டீச்சர் என்ன நல்லா சொன்னேன்னு சொன்னாங்கன்னு அழுதேன். பொய்யா சொல்றேன்னு ஸ்கேல்ல அடிச்சாரு. எங்கம்மாவும் அடிச்சுது.”

கையேட்டில் அப்படித்தான் இருந்தது. குழந்தை சரியாகச் சொன்னாலும் தவறாகச் சொன்னாலும் ஒரே மாதிரி முகமலர்ச்சியோடு ‘நல்லா சொன்னே’ என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் விடை தெரிந்துவிடும், குழந்தை சோர்ந்துவிடும். நானும் கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டு வந்து சொன்னேன். அதை அஞ்சலையிடம் விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே அசிங்கமாக இருந்தது.

“ஓ” என்றார். “எல்லாருக்கும் சொல்றதா அது?”

அஞ்சாவதோடு அம்மா பள்ளியை நிறுத்திவிட்டாராம். “புத்தி கம்மிப் புள்ள, படிப்பு ஏறாதுன்னு வாத்தியாரே சொல்லிட்டாரு, அது என்னா பண்ணும் பாவம். சாவற வரைக்கும் எல்லார்கிட்டயும் அதான் சொல்லும். என்னக் கட்டிக்க வந்தவரு வீட்டுலயும், கொஞ்சம் புத்தி கம்மி, பாத்து நடத்துங்கன்னு கையப் புடிச்சினு சொல்லுச்சு.” குரலில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை. அடுத்த வீட்டுக் கதை போலத்தான் சொன்னார். இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் நான் நிம்மதியாக வாங்கிக்கொண்டிருப்பேன்.

பையிலிருந்து தாளை எடுத்தேன். அடித்த இடத்தைக் காட்டினேன். திருத்திய எண்ணைக் காட்டினேன். நீங்கள் அந்தப் பெஞ்சுக்குப் போயிருக்கவே வேண்டியதில்லை என்றேன். அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு முனியம்மா என்ற பெயரைப் படித்தார். அதிலேயே நின்றார்.

“எங்கம்மா இருந்தா காட்டியிருப்பேன்” என்றார். “இப்ப இத நான் யாருகிட்ட டீச்சர் காட்டறது?”

தாளை நான்காக மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். இங்கே வைத்தால் நனைந்துவிடும் என்றார். அவருடைய டப்பாவிலிருந்த கூழில் பாதியை ஒரு டம்ளரில் ஊற்றி, ஒரு மோர் மிளகாயோடு எனக்கும் கொடுத்தார். பஷீருக்கும் கொடுத்தார். நான் குடித்தேன்.

கிளம்பும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “அஞ்சலை, நீங்க சொன்னதுதான் சரி. நான் எழுதி வச்சிருந்த விடையவிட ரொம்ப நல்ல விடை. ரொம்ப நல்லா சொன்னீங்க.”

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். பரிகாசம் இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்:

“இது நெஜமா டீச்சர்? இல்ல, எல்லாருக்கும் சொல்றதா?”

நிஜம் என்றேன். சத்தியமாக என்றேன். சொல்லும்போதே என் முகம் மலர்ந்திருப்பது எனக்குத் தெரிந்தது. குரலும் அதே கனிவோடுதான் வந்தது. கண்ணாடி முன் நின்று பழகிய அதே முகம், அதே குரல். வேறு எனக்கு இல்லை.

“சரிங்க டீச்சர். வெயில் ஏறுது, ஜாக்கிரதையாப் போங்க” என்று சொல்லிவிட்டு, அஞ்சலை பூட்சை மாட்டிக்கொண்டு பாத்திக்குள் இறங்கினார்.

12.20. பஷீர் சாலையில் பேருந்தை நிறுத்தி ஏற்றிவிட்டார். ஐந்நூறு ரூபாயில் நூறைத் திருப்பிக் கொடுத்தார், ஏன் என்று சொல்லவில்லை. கடப்பாக்கம் வரை நின்றுகொண்டு வந்தேன், பிறகு இடம் கிடைத்தது. வீட்டில் என் மேசைமேல் வரிசையாக அந்த முன்னோடிகளின் படங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு ஒரு வசதி, தாங்கள் சோதித்த குழந்தைகளை வளர்ந்த பிறகு அவர்கள் தேடிப் போக நேரவில்லை. ஏழாவது அத்தியாயத்தை முடித்துவிடலாம், அதற்கு இனி தடையில்லை. ஆனால் அஞ்சலை கேட்டதற்கு, அவர் நம்பும்படி என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று திருவான்மியூர் வரும்வரை யோசித்தேன். ஒரு பெண்ணிடம் உண்மையாகச் சொல்ல வேண்டியிருந்த ஒரே நல்ல சொல்லை, அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோதே பொய்யாகச் சொல்லித் தீர்த்துவிட்டேன்.